கறுப்புப் பெட்டிக்குள் மூன்று குப்பிகள்

விசாரணை பகல் பன்னிரண்டு மணிக்கு என்று சதீஷ் போனில் சொன்னபோதே ஜான்சிக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. அவள் மரக்காணம் உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். சித்திரை மாதத்து உச்சிப் பொழுதில் பாத்தி ஓரம் காக்கைகூட இறங்காது என்பது தெரிந்தவள்தான். ஆனால் ஐந்து வருடமாகப் புதுச்சேரியில் ஏசி ஓடும் ஆய்வகத்துக்குள்ளேயே உட்கார்ந்து, வெயில் என்பது ஜன்னலுக்கு வெளியே நடக்கிற சங்கதி என்று ஆகிவிட்டிருந்தது.

"எங்க மாமா ரெடி. மேடம் ரெடி. நீ உன் கிருமி பாட்டில தூக்கிக்கினு வந்துடு," என்றான் சதீஷ். "வரலைன்னாலும் ஒண்ணும் இல்ல. உங்கப்பா நேரா ஸ்டேஷனுக்கு நடந்துடலாம். பக்கந்தான்."

திண்டிவனத்தில் மூன்று வருடம் ஒரே வகுப்பில் படித்தவன் அவன். அவள் நோட்டை வாங்கிப் படித்துத் தேறியவன். இப்போது தாய்மாமன் கலியமூர்த்தியின் இறால் பண்ணையில் டெக்னீஷியன். எந்தக் குளத்தில் என்ன தீனி, என்ன மருந்து என்று பார்த்துப் போடுகிறவன் அவன்தான்.

ஸ்டேஷன் பேச்சு வெறும் மிரட்டல் இல்லை. பத்து நாளைக்கு முன்னால் ஜான்சியின் அப்பா அந்தோணிராஜ், பண்ணையிலிருந்து உப்பள வாய்க்காலுக்கு வரும் கழிவுக் குழாயின் வாயில் ஏழு மண் மூட்டைகளைத் திணித்து அடைத்துவிட்டார். குளம் பொங்கிக் கரை உடைந்தது. இறால் எல்லாம் சேற்றில் துள்ளிச் செத்தது. கலியமூர்த்தி புகார் கொடுத்தார். அந்தோணிராஜ் மறைக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

"அடைச்சது நான்தான்," என்று இன்ஸ்பெக்டரிடமே சொன்னார். "அவன் தண்ணி வர ஆரம்பிச்சதுலேர்ந்து பாத்தியில உப்பு சரியா பூக்கல சார். வழவழன்னு கெடக்குது. எங்க கால்ல ஒரு கீறல் பட்டா மாசக்கணக்கா ஆறல. மருந்து கலந்த தண்ணிய வுடுறான்."

இன்ஸ்பெக்டர் நிதானமாகத்தான் பதில் சொன்னார். தண்ணீர் விடப் பண்ணைக்கு அனுமதி இருக்கிறது. இறாலுக்குத் தடை செய்த கிருமிக்கொல்லி மருந்து அதில் இருக்கிறது என்று ஆய்வு அதிகாரி எழுதினால் அந்தோணிராஜ் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கலாம். இல்லை என்று எழுதினால் அன்று சாயங்காலமே அவர் உள்ளே.

இன்றுதான் அந்த நாள்.

*

ஜான்சி பஸ்ஸைவிட்டு இறங்கி வரப்பு வழியாக நடந்து வந்தபோது உப்பளம் வெள்ளைத் தகடாகக் கண்ணைக் குத்தியது. தோளில் ஒரு ஐஸ் குடுவை. கையில் ஒரு மரப்பெட்டி. வெளிச்சம் புகக்கூடாது என்று உள்ளும் புறமும் அவளே கறுப்புப் பெயிண்ட் இரண்டு கை அடித்திருந்தாள்.

ஓலைக் கொட்டகைக்குக் கீழே பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். விடியலுக்கு முன் வந்து வாரிக் குவித்துவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறவர்கள். இன்று அதிகாரி வருகிறார் என்பதால் கிளம்பவில்லை. அந்தோணிராஜுக்கு ஆதரவாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஜான்சி நினைத்தாள். அந்த நினைப்பு கொட்டகையை எட்டும்வரைதான் இருந்தது.

"வந்துட்டாடி டாக்டரம்மா," என்றாள் அஞ்சம்மாள். அந்தக் குழுவுக்கு மேஸ்திரி மாதிரி. அவள் வாயைத் தாண்டி அங்கே எதுவும் நடக்காது. "ஏண்டி, நீ பாட்டுக்கு வாய்க்கால்ல மருந்துன்னு சொல்லிட்டுப் பூடுவ. நாளைக்கு உப்புலயும் மருந்துன்னு ஊரே சொல்லும். அப்புறம் எவன் இந்த உப்ப வாங்குவான்? உங்கப்பன் ஒருத்தன் உள்ள போவாம இருக்க, நாங்க பதினாலு பேரு வூட்ல குந்தணுமா?"

"உப்ப நான் இன்னும் சோதிக்கல அத்த."

"சோதிக்காதன்னுதான் சொல்றேன்."

அந்தோணிராஜ் கொட்டகைக்கு வெளியே தனியாக நின்றார். மகளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "உன்ன யாரு வரச் சொன்னது?" என்றார்.

"சும்மா இருப்பா."

"அதான் இவ்ளோ நாளா இருக்கேன்."

பேச்சு அதோடு நின்றது. அவர்கள் வீட்டில் எப்போதும் அந்த அளவுதான்.

பண்ணைப் பக்கமிருந்து ஜீப் வந்தது. ஆய்வு அதிகாரி சுலோசனா முன்னால் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். யாரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டு வந்த முகம். பின்னால் கலியமூர்த்தி, மடிப்புக் கலையாத வேட்டியில். பெருமுக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல்லை விட்டு இறாலுக்கு வந்தவர். குடையைப் பிடித்துக்கொண்டு சதீஷ்.

"ரெண்டு மணிக்கு எனக்குக் கூட்டம்," என்றார் சுலோசனா. "ஒண்ணேகாலுக்குக் கெளம்பிடுவேன். போன தடவ தண்ணி எடுத்து அனுப்பினோம், ஒண்ணும் இல்லைன்னு வந்துது. இந்தத் தடவ நீங்க ஏதோ புதுசா கொண்டாந்திருக்கீங்களாம். அது காட்டினாத்தான் நான் பண்ணைக் கிடங்குல கை வெக்க முடியும். காட்டலைன்னா அந்தோணிராஜ் மனுவ மூடிடுவேன்."

"போன தடவை நீங்க வர்றது அவங்களுக்கு முன்னாடி நாளே தெரிஞ்சுபோச்சு மேடம். குழாயில வெறும் கடல் தண்ணிய வுட்டாங்க," என்றாள் ஜான்சி. "இந்த முறை தண்ணிய எடுக்காதீங்க. குழாய் வாயில இருக்கிற சேத்த எடுத்துப் பிழிங்க. தண்ணி ஓடிடும். சேறு ஓடாது."

சதீஷ் குடையைக் கை மாற்றிப் பிடித்தான். அவ்வளவுதான். அடுத்த நொடி சிரித்தான். "எடுக்கட்டும் மேடம். எங்களுக்கு என்ன பயம்?"

சுலோசனா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே இறங்கிச் சேற்றை எடுத்தார். மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டித் தந்தார். அந்தப் பெண்மணி வேலையில் சுத்தம். அதை ஜான்சி ஒப்புக்கொண்டாள்.

*

"இது என்னன்னு எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லு," என்றார் சுலோசனா.

ஜான்சி ஐஸ் குடுவையிலிருந்து மூன்று கண்ணாடிக் குப்பிகளை எடுத்தாள். விரல் பருமன். ரப்பர் மூடி. உள்ளே கலங்கலான நீர்.

"இதுல உயிருள்ள செல் இருக்குது மேடம். ஆளுக்குக் கெடுதல் பண்ணாத பாக்டீரியா. அதுக்குள்ள ஆர்.என்.ஏ.ன்னு ஒரு இழை உண்டாகுற மாதிரி நாங்க மாத்தியிருக்கோம். அந்த இழை சும்மா இருந்தா தொளதொளன்னு கெடக்கும். இந்த மருந்தோட ஒரு மூலக்கூறு செல்லுக்குள்ள வந்து அதுல ஒக்காந்தா, முந்தானையில காசு முடியற மாதிரி இறுக்கமா ஒரு முடிச்சு விழும். குப்பியில ஒரு சாயம் கலந்திருக்கோம். அது முடிச்சுக்குள்ள மாட்டினாத்தான் பச்சையா ஒளிரும். நீல வெளிச்சத்துல பார்த்தா தெரியும்."

"தண்ணிய நேரா லேபுக்கு அனுப்பினா போதாதா? இதுக்கு எதுக்குச் செல்லு?"

"தண்ணியில எவ்ளோ இருக்குதுன்னு லேப் சொல்லும். உயிருக்குள்ள எவ்ளோ போவுதுன்னு இது சொல்லும். அதுவும் இந்த எடத்துலயே, அர மணியில."

"அடடா," என்றார் கலியமூர்த்தி. "கிருமியக் கொண்டாந்து ஊருக்குள்ள வுட்டுட்டு, என் தண்ணியில கிருமி மருந்து இருக்குதுன்னு சொல்றா. மேடம், நாளைக்கு எனக்கு ஜுரம் வந்தா யார் பொறுப்பு?"

"மூடி தொறக்கமாட்டோம். ஊசியில ஒரு சொட்டு உள்ள போவும். குப்பி அப்படியே லேபுக்குத் திரும்பிடும். அனுமதிக் கடிதம் மேடம்கிட்ட இருக்குது."

"கடிதம் இருந்தா கிருமி படிச்சுட்டு சும்மா இருக்குமா?"

கொட்டகைக்குள் யாரோ சிரித்தார்கள். கலியமூர்த்தி சொன்னதற்கு உப்பளத்து ஆளே சிரித்தது அந்தோணிராஜின் முகத்தில் அறைந்தாற்போல விழுந்தது.

ஜான்சி வேலையைப் பார்த்தாள். முதல் குப்பியில் கூனிமேட்டுக் கடலோரத்தில் காலையில் எடுத்த தண்ணீர். பண்ணைத் தண்ணீர் எட்டாத இடம். இரண்டாவதில் அதிகாரி பிழிந்த சேற்று நீர். மூன்றாவதில் அவள் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த அதே மருந்து, வேண்டுமென்றே.

"முதல் குப்பி எரியக்கூடாது. மூணாவது கட்டாயம் எரியணும். அப்பத்தான் இது சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். நடுவுல இருக்கிறதுதான் கேள்வி," என்றாள்.

சுலோசனா மூன்றிலும் கையெழுத்துப் போட்ட தாளை ஒட்டினார். ஜான்சி அவற்றைக் கறுப்புப் பெட்டிக்குள் நிறுத்தி மூடினாள். கொட்டகைக்குள் வைக்கப் போனாள்.

"ஏய், அங்க எதுக்கு?" என்றான் சதீஷ். "உங்க ஆளுங்க மத்தியில வெச்சுட்டு அப்புறம் மாத்திட்டன்னா? எல்லார் கண்ணுக்கும் தெரியிற மாதிரி வரப்பு மேல வை. செல்லுக்கும் ஒடம்பு சூடு வேணும்ல? லேப்ல இன்குபேட்டர்ல வெக்கறதில்லையா? இங்க ஊரே இன்குபேட்டர்."

அது சரிதான் என்று அவளுக்கும் பட்டது. செல்கள் கதகதப்பில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். இதற்காகவே தனியாக ஒரு அடுப்பைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்குமோ என்று நேற்று கவலைப்பட்டவள் அவள். பெட்டியை வரப்பின் மேல் வைத்தாள். நட்டநடு வெயிலில். கறுப்புப் பெட்டியை. உப்பளத்தில்.

*

அரை மணி நேரம் யாரும் யாரோடும் நல்லபடியாகப் பேசவில்லை.

"அந்தோணி," என்றார் கலியமூர்த்தி குடை நிழலில் இருந்து. "பையில துணிமணி எடுத்து வெச்சிருக்கியா? உள்ள கொசு ஜாஸ்தி."

"நீ போயிட்டு வந்தவனா?" என்றார் அந்தோணிராஜ்.

"டேய்."

"என்ன டேய்? காலு புண்ணாகி நாலு மாசம் ஆச்சு. வந்து பாரு. எறா சாவக்கூடாதுன்னு மருந்து போடுற. இங்க மனுசன் நடக்கிறான்."

"மருந்து போட்டேன்னு நீ பாத்தியா?"

"அதப் பாக்கத்தான அந்தப் பொட்டி."

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஜான்சி பெட்டியின் பக்கத்திலிருந்த சின்ன நீல விளக்கைப் போட்டாள். மஞ்சள் தாள் ஒட்டிய துவாரத்தில் கண்ணை வைத்தாள்.

முதல் குப்பி இருட்டு. நல்லது.

இரண்டாவது இருட்டு.

மூன்றாவதும் இருட்டு.

விளக்கை அணைத்துப் போட்டாள். மறுபடி பார்த்தாள். மருந்தை அவளே ஊசியில் ஏற்றிய குப்பி, செத்த மீனின் கண் போல ஒன்றும் சொல்லாமல் நின்றது.

"நகரு," என்றார் சுலோசனா. பார்த்தார். நிமிர்ந்தார். "ஒண்ணும் இல்லையே."

"பாத்தீங்களா மேடம்," என்றார் கலியமூர்த்தி, ரொம்ப மெதுவாக.

"மேடம், மூணாவது குப்பியில மருந்து இருக்குது. அதுவும் எரியல. அப்படின்னா சோதனை கெட்டுப்போச்சுன்னுதான் அர்த்தம். தண்ணி சுத்தம்னு அர்த்தம் இல்ல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் சுலோசனா. கையேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "காட்டலைன்னா மூடுவேன்னு முன்னாடியே சொல்லிட்டேன்."

கொட்டகைக்குள்ளிருந்து அஞ்சம்மாளின் குரல் வந்தது. "அஞ்சு வருசம் படிச்சு இதான் கத்துக்கினா. பொட்டிய மூடத் தொறக்க."

அந்தோணிராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். கிளம்பத் தயாராகிற ஆள் செய்கிற காரியம் அது. ஜான்சிக்கு அதைப் பார்க்க முடியவில்லை. பெட்டியைத் திறந்து மூன்றாவது குப்பியைப் பிடுங்கினாள்.

விரல் சுட்டது.

குப்பியைப் பொத்தென்று பெட்டிக்குள் விட்டாள். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். தோசைக்கல். அந்த நிமிடம் அவளுக்கு எல்லாம் புரிந்தது. தன் முட்டாள்தனம் முதலில் புரிந்தது. அதற்குப் பின்னாலேயே சதீஷும் புரிந்தான்.

சூடு ஏறினால் இழையின் முடிச்சு தளர்ந்துவிடும். முடிச்சு இல்லாவிட்டால் சாயம் மாட்டாது. மருந்து ஒரு படி இருந்தாலும் ஒளி இருக்காது. மூன்றாம் வருடத்தில் செமினார் பேசினார்கள் அதைப் பற்றி. அவளும் சதீஷும் சேர்ந்து. அந்த ஒரு பாடத்தை மட்டும் அவன் தன் சொந்த நோட்டில் எழுதினான். பன்னிரண்டு மணி. எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடம். ஊரே இன்குபேட்டர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சதீஷ் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"மேடம், பத்து நிமிசம் குடுங்க," என்றாள். "பெட்டி கொதிக்குது. சூட்டுல முடிச்சு அவுந்துபோச்சு. ஆறினா திரும்ப விழும். குப்பியில நான் எதையும் சேக்கமாட்டேன். உங்க கையெழுத்து அப்படியே இருக்குது. ஆற மட்டும் வெக்கறேன்."

சுலோசனா கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணேகால். அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது."

*

ஐஸ் குடுவையில் ஐஸ் எப்போதோ வெந்நீராகிவிட்டிருந்தது. சுற்றிலும் இரண்டு மைலுக்குக் குளிர்ந்த பொருள் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. கொட்டகையின் தூணோரம் நிற்கும் மண்பானை. கழுத்துவரை ஈரச் சாக்கைச் சுற்றி, கடல் காற்று படும்படி வைத்திருப்பார்கள். பதினான்கு பேருக்கும் அதுதான் குடிநீர். குழுவுக்கு வெளியே ஒருவர் அதைத் தொட்டால் அன்றைக்கு முழுக்கச் சண்டை.

ஜான்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அஞ்சம்மாள் எழுந்து பானைக்கு முன்னால் நின்றாள்.

"உள்ள போட்ட, கைய ஒடிச்சுடுவேன். கிருமியக் கொண்டாந்து குடிக்கிற தண்ணியில வெப்பியா?"

"உள்ள வேணாம் அத்த. பக்கத்துல வெக்கறேன். பானைய ஒட்டி."

"ஒட்டியும் வேணாம்."

"அத்த, அப்பா உள்ள பூடுவாரு."

"போவட்டும். மூட்டைய அடைக்கும்போது எங்கள கேட்டானா? உன்ன படிக்க வெக்கச் சொல்லோ கேட்டானா?" என்றாள் அஞ்சம்மாள். பேசிக்கொண்டே அவள் கண் பெட்டியின் மேல் போயிற்று. கை நீட்டி அதன் மூடியைத் தொட்டுவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "ஏண்டி, உப்பளத்துல எவளாவது கறுப்புப் பொட்டி கொண்டாருவாளா? நாங்க கறுப்புச் சீலையே கட்டமாட்டோம். நீ இங்கதான பொறந்த?"

ஜான்சி பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தாள்.

அஞ்சம்மாள் குனிந்து பானையைச் சுற்றியிருந்த ஈரச் சாக்கைச் சரக்கென்று உருவினாள். ஜான்சியின் மேல் எறிந்தாள். "சாக்க எடுத்துக்க. பானையத் தொடாத."

ஜான்சி சாக்கைப் பெட்டியின் மேல் சுற்றிக் காற்று வரும் பக்கம் வைத்தாள். சாக்கு பாதி காய்ந்திருந்தது. அவள் பாத்தியிலிருந்து இரண்டு கையாலும் நீரை அள்ளினாள்.

"அந்தத் தண்ணி ஊத்தாத," என்று கத்தினாள் அஞ்சம்மாள். "உப்புத் தண்ணி லேசுல காயுமா? காயாதது எப்படிக் குளிரும்? இது கூடவா மறந்துட்ட?"

கொட்டகையில் எல்லோரும் பானையைப் பார்த்தார்கள். உச்சி வெயில். வீட்டுக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் ஆகலாம். ரோட்டோரக் குழாய் ஒன்றரைக் கிலோமீட்டர்.

அஞ்சம்மாள் செம்பை எடுத்தாள். பானைக்குள் விட்டாள். நல்ல தண்ணீரை மொண்டு சாக்கின் மேல் சுற்றி ஊற்றினாள். இன்னொரு செம்பு. இன்னொன்று. ஒவ்வொரு செம்புக்கும் ஒரு வசவு. ஜான்சிக்கு ஒன்று, அவள் அப்பாவுக்கு ஒன்று, அவள் படித்த காலேஜுக்கு ஒன்று, கலியமூர்த்தியின் வம்சத்துக்கு இரண்டு. மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, தலையில் கட்டியிருந்த துண்டுகளை அவிழ்த்து, பெட்டிக்கு மேலே நிழலுக்கு விரித்துப் பிடித்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"மேடம், கெளம்பலாம்," என்றான் சதீஷ். முதல் முறையாக அவன் குரலில் அவசரம் இருந்தது. "இது வெறும் செட்டப். இப்படிக் குளிர வெச்சா எது வேணா பச்சையா எரியும். இதெல்லாம் ஆதாரமே இல்ல."

சுலோசனா பேனாவை மூடியால் மூடினார். "குளிர வெச்சாத்தான் எரியும்னா, அப்போ வெயில்ல வெக்கச் சொன்னது எதுக்கு தம்பி?"

சதீஷ் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தான்.

"இல்ல, நான் பொதுவா…"

"பன்னண்டு மணிக்கு வெச்சா எல்லாருக்கும் வசதின்னு போன் பண்ணது நீங்கதான? காலையில ஏழு மணிக்கு வர்றேன்னுதான் நான் சொன்னேன்."

கலியமூர்த்தி மருமகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கும் இது புதுச் சேதி என்று ஜான்சிக்குத் தெரிந்தது. மருந்து போடச் சொன்னவர் அவர். வெயிலைப் போடச் சொன்னவர் அவர் இல்லை.

"மேடம், அவர் சொல்றது சரின்னே வெச்சுக்குங்க," என்றாள் ஜான்சி. "குளிர்ல எது வேணா எரியும்னா மூணும் எரியணும். முதல் குப்பி எரிஞ்சா நான் பொய்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

காற்று கடலிலிருந்து ஒரே சீராக அடித்தது. சாக்கு காய்ந்தது. அஞ்சம்மாள் ஊற்றினாள். மறுபடி காய்ந்தது. மறுபடி ஊற்றினாள். பானைக்குள் செம்பு அடித்தரையில் இடிக்கும் சத்தம் கேட்டது.

ஒரு மணி பதிமூன்று நிமிடம்.

"காலி," என்றாள் அஞ்சம்மாள்.

ஜான்சி சாக்கை விலக்கினாள். பெட்டி கையில் சில்லென்று இல்லை. ஆனால் சுடவும் இல்லை. விளக்கைப் போட்டாள். துவாரத்தில் தான் கண் வைக்கவில்லை. "நீங்களே மொதல்ல பாருங்க மேடம்," என்றாள்.

சுலோசனா குனிந்தார். நிமிரவே இல்லை. அந்தோணிராஜ் அக்குளில் இருந்த துண்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"முதல் குப்பி இருட்டு," என்றார் சுலோசனா கடைசியில். "மூணாவது பச்சை. நல்ல பச்சை." பேனாவைத் திறந்தார். "நடுவுல இருக்கிறதும் பச்சை."

யாரும் கை தட்டவில்லை. அந்தோணிராஜ் சட்டென்று வரப்பின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கண் கோளாறா இருக்கும் மேடம்," என்றார் கலியமூர்த்தி.

"நீங்க வந்து பாருங்க."

அவர் வந்து பார்த்தார். பார்த்தவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு சதீஷின் பக்கம் திரும்பி, "ஏண்டா, கிடங்குல இருக்கிற பழைய மருந்த எடுத்துடுன்னு சொன்னேனே," என்றார், தன்னை மறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி.

சுலோசனா அதையும் எழுதிக்கொண்டார்.

*

இரண்டு மணிக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. பண்ணையின் தீனிக் கிடங்குக்கு முத்திரை வைக்கப்பட்டது. சேறும் தீனியும் தனித்தனியாகக் கட்டப்பட்டுப் பெரிய ஆய்வகத்துக்குப் புறப்பட்டன. முடிவு வரும்வரை கழிவுக் குழாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு எழுதி, அதன் நகலை இன்ஸ்பெக்டருக்குப் போனிலேயே படமெடுத்து அனுப்பினார். இன்ஸ்பெக்டர் திரும்பக் கூப்பிட்டு, அந்தோணிராஜ் இன்று வர வேண்டாம், கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார். வழக்கு போய்விடவில்லை. ஆனால் இன்றைய சாயங்காலம் அவருடையது.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இரக்கம் கெடையாது," என்று ஜான்சியிடம் சொல்லிவிட்டுத்தான் சுலோசனா ஜீப்பில் ஏறினார். "அடுத்த தடவ கொண்டாந்தா வெள்ளைப் பெயிண்ட் அடி. உள்ள ஒரு தெர்மாமீட்டர் வை. இதே ஒரு கோர்ட்டுன்னா உன்ன கிழிச்சிருப்பாங்க."

சதீஷ் கடைசியாக நடந்தான். அவளைத் தாண்டும்போது நின்றான். "இதோட முடிஞ்சுதுன்னு நெனைக்காத. மாமா சும்மா வுடமாட்டாரு. உங்க லேபுக்கும் ஒரு மனு போவும். கிருமிய ஊருக்குள்ள கொண்டாந்தன்னு."

"மூணு குப்பியும் எண்ணி எடுத்துனு போறேன். கையெழுத்தோட," என்றாள் அவள். "நீ எழுதுற மனுவையாச்சும் சொந்தமா எழுது. என் நோட்டக் கேக்காத."

அவன் போய்விட்டான்.

அந்தோணிராஜ் இன்னும் வரப்பில்தான் உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்தில் போய் நின்றாள். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.

"கறுப்புப் பெயிண்டு எவன் அடிக்கச் சொன்னது?" என்றார் அவர்.

"நானேதான் அடிச்சேன்."

"ம்." எழுந்தார். காலை ஊன்றும்போது முகம் சுளித்தது. "கொஞ்சம் வுட்டிருந்தா நீயே என்ன உள்ள அனுப்பியிருப்ப."

கொட்டகையில் அஞ்சம்மாள் காலிப் பானையைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டும் இல்லை என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். ஜான்சியைக் கண்டதும் பானையை அவள் இடுப்பில் இடித்து நிறுத்தினாள்.

"பதினாலு பேரு நாக்கு ஒட்டிக் கெடக்குது. ரோட்டோரக் குழாய்ல புடிச்சுக்கினு வா. தளும்பாம வா. சாக்க நனைக்கத் தனியா ஒரு கொடம்."

"ரெண்டு நடை ஆவும் அத்த."

"ஆவட்டும். வெயில் எப்படி இருக்குதுன்னு தெரியட்டும்."

ஜான்சி பானையை இடுப்பில் ஏற்றினாள். நாலடி போனவளை அஞ்சம்மாள் மறுபடி கூப்பிட்டாள். முந்தானையை அவிழ்த்தாள். அதிலிருந்து காலையில் வாரிய உப்பை ஒரு பிடி அள்ளி, கிழிந்த பிளாஸ்டிக் பை ஒன்றில் போட்டு, முடிச்சுப் போட்டாள்.

"இதையும் உன் குப்பியில போடு," என்றாள். குரல் முன்பைவிடக் கடுமையாகத்தான் இருந்தது. "பச்சையா எரிஞ்சா மொதல்ல என்கிட்ட சொல்லு. அப்புறந்தான் ஊருக்கு. மாத்திச் சொன்ன, உங்கப்பன் மூட்டை அடைச்ச அதே எடத்துல உன்ன அடைச்சுடுவேன்."

ஜான்சி பையை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். வரப்பில் கொஞ்ச தூரம் போனபின் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அந்தோணிராஜ் இன்னொரு குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, வலது காலை ஒருக்களித்து ஊன்றியபடி வந்துகொண்டிருந்தார்.

"சீக்கிரம் நட," என்றார். "குழாய்ல மூணு மணிக்கு நிறுத்திடுவான்."